குடை வந்த வழி

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். நீயும் அத்தானும் சுகமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் எழுத உட்கார்ந்திருக்கிறேன். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? என் வீட்டுக்காரி உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னாள். மகளுக்குப் பரீட்சை நேரம். வீட்டில் இருமுவதற்குக்கூட அவளிடம் அனுமதி வாங்க வேண்டியிருக்கிறது.

"கல்யாணப் பத்திரிகை தவிர எதையும் தபாலில் போடாத பயலுக்கு என்ன வந்தது?" என்று நினைப்பாய். விஷயம் அத்தானுடைய கூவு பற்றியது. எங்கள் அலுவலகக் கணினிப் பாதுகாப்புப் பிரிவிலிருந்து அவருக்கு அனுப்பிய மின்னஞ்சல்கள் எல்லாம் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடக்கின்றன. உன் தொலைபேசியும் அடிப்பதில்லை. விஷயம் முடியும்வரை ரகசியமாக இருக்க வேண்டும். அதனால்தான் பழையபடி காகிதம்.

உனக்குத் தெரியாததில்லை, ஆனாலும் அலுவலகப் பழக்கத்தில் ஆதியிலிருந்து சொல்கிறேன். கறுப்புத் திரையில் கூவு என்று தட்டி, ஆள் பெயரையும் சேதியையும் எழுதினால் அது அந்த ஆளின் திரையில் போய் விழும். அவ்வளவுதான் அந்தக் கட்டளை. அத்தான் நம் கல்லூரிக் கணினிக் கூடத்தில் விளையாட்டாக எழுதியது, இயங்குதளத்தோடு வரும் சின்னச் சின்னக் கட்டளைகளில் ஒன்றாகிவிட்டது. "இயந்திரத்தை நிறுத்தப் போகிறோம், வேலையைச் சேமித்துக்கொள்ளுங்கள்" என்று எல்லோருக்கும் சொல்ல, எத்தனையோ ஆஸ்பத்திரியிலும் வங்கியிலும் இன்று அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். அர்த்தம் தெரியாமலே உலகம் முழுக்கத் தமிழில் கூவிக்கொண்டிருக்கிறது.

எங்கள் பிரிவில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி அதில் ஓட்டை கண்டுபிடித்திருக்கிறாள். சேதியின் எழுத்துகளோடு கண்ணுக்குத் தெரியாத குறிகளையும் அனுப்பலாம். திரையைத் துடை, இந்த வரிசைக்குப் போ, அந்த இடத்தில் நில் என்று அவை சொல்வதைத் திரை அப்படியே கேட்கும். ஒரு திருடன் உன் திரையைத் துடைத்துவிட்டு, "கடவுச்சொல் தவறு, மறுபடி எழுதவும்" என்று அசல் மாதிரியே வரைந்து வைக்கலாம். நீயும் நம்பித் தட்டுவாய். அது அவன் பார்க்கும் இடத்தில் விழும்.

யானைக்கும் அடி சறுக்கும். இதில் கேவலம் எதுவும் இல்லை. அந்தக் குறிகளை மடக்கும் ஒரு வடிகட்டி வைத்தால் போதும். எங்கள் விதிப்படி, செய்தவருக்கு முதலில் சொல்லி அவகாசம் கொடுப்போம். அவகாசம் ஜூன் கடைசி வரை. அதற்குப் பிறகு திருத்தினாலும் திருத்தாவிட்டாலும் ஊரறியச் சொல்லிவிடுவோம். எங்கள் மேலாளர் அம்மாவிடம், "செய்தவர் என் அக்கா வீட்டுக்காரர்" என்றேன். "அப்ப நீங்களே எழுதுங்க. ஆனா சலுகை கிடையாது" என்றார்.

அந்தப் பெண் ஓட்டையை விளக்கும்போது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்த வழியாகத்தானே அக்கா உன் திரைக்கு அந்தக் குடை வந்தது! குளிருக்கு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, செருப்பை வெளியே விட்டு, கோவிலுக்குள் போகிற மாதிரி கணினிக் கூடத்துக்குள் போவோமே. வெளியே பிடித்துக்கொண்ட மழை. உன் திரையில் கோடு கோடாக ஒரு குடை விரிந்தது. அதன் கீழே, ஆங்கில எழுத்தில் தமிழ்: "குடை என்கிட்ட இருக்கு. வா, விட்டுட்டு வர்றேன்." அறைக் கோடியில் இயந்திர மேற்பார்வையாளர் நாற்காலியில் ஒன்றும் தெரியாதவர் மாதிரி அத்தான். நீங்கள் இருவரும் குடைக்குள்ளே போனீர்கள். "மூணு பேருக்கு இடம் இல்லடா" என்று சொல்லிவிட்டாய். நான் பின்னாலேயே தெப்பமாக நனைந்து வந்தேன். அந்தக் கோபத்தில்தான் அம்மாவிடம் போட்டுக் கொடுத்தேன்.

அத்தானை மின்னஞ்சலைத் திறந்து பார்க்கச் சொல். அவருக்கு இது அரைமணி வேலை.

அன்புடன்,
உன் தம்பி


மார்ச் 15

அன்புள்ள தம்பிக்கு அக்கா எழுதுவது.

உன் கையெழுத்தைப் பார்த்து எத்தனை வருஷம்! இன்னும் திருந்தவில்லை. முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. படியில் ஏறும்போது ஞாபகப்படுத்தும், இறங்கும்போது மன்னித்துவிடும். என் மருமகளிடம், பரீட்சை முடிந்ததும் அப்பா இருமியதற்கெல்லாம் சேர்த்து அத்தை அபராதம் வசூலித்துத் தருகிறேன் என்று சொல்.

அத்தான் நன்றாக இருக்கிறார். காலையில் குளித்துவிட்டுத் தன் அறையில் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். எங்கள் வீட்டில் இன்னும் யாரும் யாரையும் வாய்விட்டுக் கூப்பிடுவதில்லை. அவர் அறையில் ஒரு திரை, கூடத்தில் எனக்கு ஒரு திரை. சாப்பாட்டுக்குக் கூப்பிடுவது, கடைக்குப் போவதைச் சொல்வது எல்லாம் கூவுதான். பக்கத்து வீட்டுக்காரி நாங்கள் சண்டை போட்டுக்கொண்டு பேசாமல் இருக்கிறோம் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள்.

தொலைபேசியைக் கழற்றி வைத்திருக்கிறோம். மணி சத்தம் அவருக்கு இப்போது பிடிக்கவில்லை. வயதானால் ஒவ்வொருவருக்கு ஒவ்வொரு வீம்பு.

உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். குடை வந்த இடத்தில் சிரித்தார். "மச்சானுக்கு ஹாஸ்டல்ல இருமல் சரியாயிடுச்சா?" என்று கேட்டார். அவர் கேலி உனக்குத் தெரியுமே.

வேலை நிறைய இருக்கிறது, மெதுவாகப் பார்ப்பார். நீ ஒன்று மட்டும் சொல். வடிகட்டி என்றால் எல்லாக் குறிகளையுமா? படம் வரைகிறவற்றை மட்டும் விட்டுவைக்க முடியாதா?

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் கடிதத்தை வீட்டில் சத்தமாகப் படித்தேன். அபராத விஷயத்தில் மகள் உன் கட்சி. அத்தானுக்கு என் இருமல் பற்றி இன்னும் அக்கறை இருக்கிறது என்று எழுதியிருந்தாயே, அது போய் மூன்று அரசாங்கம் மாறிவிட்டது என்று சொல்.

நீ கேட்டதற்குப் பதில்: எல்லாக் குறிகளையும்தான். திருடன் பொய்த் திரை வரைவதும் குடை வரைவதும் ஒரே குறிகளால்தான். குடையை விட்டுவைத்தால் திருடனையும் விட்டுவைத்ததாகிவிடும். வடிகட்டி அவற்றைத் தூக்கிப் போடாது. கண்ணுக்குத் தெரிகிற மாதிரி எழுதிக் காட்டும்: கூரை போல் ஒரு குறி, சதுர அடைப்பு, அப்புறம் எண்கள். திரை அதற்குக் கீழ்ப்படியாது. பார்க்க அசிங்கமாக இருக்கும், ஆனால் ஆபத்து இல்லை.

அத்தானுக்கு ஒரு பாராட்டும் சேர்த்துச் சொல். கூவில் போன இரண்டு வருஷத் திருத்தங்களைப் பிரித்துப் பார்த்தேன். எவ்வளவு சுத்தம்! முன்பெல்லாம் "சரி செய்தேன்" என்று இரண்டு சொல் எழுதிவிட்டுப் போய்விடுவார். இப்போது ஏன் செய்தார், எதற்குச் செய்தார் என்று குழந்தைக்குச் சொல்வது போல் விளக்கம் வைக்கிறார். எங்கள் பிரிவுப் பெண் அவர் விசிறியாகிவிட்டாள்.

ஆனால் ஓட்டைக்கு இன்னும் பதில் வரவில்லை. கூவு பயன்படுத்தும் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் இரவும் பகலும் தாதிகள் திரைக்கு முன்னால் இருக்கிறார்கள் அக்கா. அவர்களுக்குக் கணினித் தந்திரம் எதுவும் தெரியாது. திரை கேட்டால் கடவுச்சொல்லைத் தட்டிவிடுவார்கள். கொஞ்சம் அவசரப்படுத்து.

உன் தம்பி


மே 6

அன்புள்ள தம்பிக்கு,

நலம், நலமறிய ஆவல். நீ கேட்ட திருத்தம் உங்கள் அலுவலகத்துக்கு அனுப்பியாகிவிட்டது. சரி பார்த்துவிட்டுச் சொன்னால் ஊருக்கு வெளியிடலாம்.

இங்கே வெயில் தாங்கவில்லை. வாசல் கதவுக்கு உள்பக்கமாக, உயரத்தில் இன்னொரு தாழ்ப்பாள் போட்டோம். திருட்டு பயம். ஆசாரி ஸ்டூல் கேட்டார். "இவ்வளவு உசரத்துல போட்டா நீங்களே எட்டித்தான் திறக்கணும்மா" என்றார். பரவாயில்லை என்று சொல்லிவிட்டேன்.

மருமகளுக்கு என்ன மதிப்பெண்? எழுது.

அக்கா


மே 14

அன்புள்ள அக்காவுக்கு,

மகள் கணக்கில் கரையேறிவிட்டாள், மற்றவற்றில் நீந்தியே போய்விட்டாள். எல்லோரும் நலம்.

திருத்தத்தைப் பார்த்தோம். வடிகட்டி பிரமாதம். ஆனால் நடுவில் ஒரு சந்து விட்டிருக்கிறது. அனுப்புகிறவரும் வாங்குகிறவரும் ஒரே பயனர் கணக்கில் உள்ளே வந்திருந்தால் வடிகட்டாதே என்று ஒரு வரி. ஒரு வீட்டில் இரண்டு பேர் ஒரே கணக்கை வைத்துக்கொண்டு இரண்டு திரையில் உட்கார்ந்தால் அது சௌகரியம்தான். ஆஸ்பத்திரியில் ஒரு தளத்துக்கே ஒரு கணக்கு. எங்கள் பிரிவுப் பெண் தேநீர் ஆறுவதற்குள் அந்தச் சந்தில் புகுந்து பொய்த் திரை வரைந்து காட்டிவிட்டாள். இதை ஏற்க முடியாது.

இப்போது அலுவலகத்தை ஓரம் வைத்துவிட்டு உன் தம்பியாகக் கேட்கிறேன். அத்தான் எழுதும் நிரல் கோழி கிளறின மாதிரி இருக்கும். உன்னுடையது மடித்து அடுக்கிய துணி மாதிரி இருக்கும். கணினிக் கூடத்தில் உன் பக்கத்துத் திரையில் உட்கார்ந்து உன்னைப் பார்த்துக் காப்பி அடித்தே பாஸ் பண்ணினவன் நான். எனக்குத் தெரியாதா? இந்தத் திருத்தம் நீ எழுதியது. போன இரண்டு வருஷத் திருத்தங்களும் நீ எழுதியவை. அத்தான் பெயரில் எங்களுக்கு வந்த பதிலும் நீ எழுதியதுதான்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறாய். எனக்குக் கோபமாக இருக்கிறது. கதவு என்றால் கதவுதான் அக்கா, உனக்கு மட்டும் திறக்கிற கதவு என்று ஒன்று கிடையாது. அந்த வரியை எடு. அத்தான் எங்கே? அவர் ஏன் எழுதுவதில்லை?

உன் தம்பி


ஜூன் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? பதில் இல்லை. தபால்காரர் தெருமுனையில் திரும்பும்போதே நான் வாசலுக்குப் போய்விடுகிறேன். அவரும், "இன்னைக்கும் கரண்ட் பில்லுதான் சார்" என்று தூரத்திலிருந்தே சொல்லிவிடுகிறார்.

போன கடிதத்தில் அலுவலக நாக்கோடு பேசிவிட்டேன். குடை விஷயத்தை அம்மாவிடம் சொன்னபோது, லீவு ஒரு மாதமும் வீட்டில் என்னோடு பேசாமல் இருந்தாய். தட்டில் சாப்பாட்டைப் போட்டுவிட்டு, "சாப்பிடறவங்க சாப்பிடலாம்" என்று சுவரைப் பார்த்துச் சொல்வாய். அந்த மாதிரிதானே இது? அப்படியென்றால் சரி, காத்திருக்கிறேன். வேறு ஏதாவது என்றால் ஒரு வரி போடு. கிளம்பி வருகிறேன்.

உன் தம்பி


ஜூன் 12

அன்புள்ள தம்பிக்கு,

உன் கோபம் எனக்குக் கோபமே இல்லை. எப்படி எழுதுவது என்றுதான் தெரியவில்லை. மூன்று முறை எழுதிக் கிழித்தேன்.

அத்தானுக்கு மறதி நோய். மருத்துவர் அதற்கு நீளமாக ஒரு பெயர் சொன்னார். இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஹாஸ்டல் இருமல் பற்றிக் கேட்டது கேலி இல்லை. நீ இன்னும் ஹாஸ்டலில்தான் இருக்கிறாய் என்று அவர் நினைக்கிறார். தாழ்ப்பாளும் திருடனுக்காகப் போட்டதில்லை, அவர் வெளியே போய்விடக் கூடாது என்பதற்காகப் போட்டது. ஒருநாள் கடைத்தெருவில் நின்றுகொண்டு, கணினிக் கூடத்துக்கு வழி கேட்டிருக்கிறார். ஒரு ஆட்டோக்காரர் கூட்டிவந்து விட்டார்.

உனக்குச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் நீ ஓடி வருவாய். உன்னை யாரென்று அவர் கேட்டுவிடுவாரோ என்று பயந்தேன். உனக்கும் அதைத் தாங்க முடியாது, எனக்கும் முடியாது.

கூவு வேலையை நான் எடுத்துக்கொண்டேன். அவர் பெயரிலேயே செய்தேன். அதில் ஒரு கஷ்டமும் இல்லை. சமையலைவிடச் சுலபம்.

அந்தச் சந்தை ஏன் விட்டேன் என்று கேட்டாயே. காலையில் சில நாள் நான் அவர் அறைக்குள் போனால், "வாங்க, உட்காருங்க, யாரைப் பாக்கணும்?" என்கிறார். எவ்வளவு மரியாதையாகக் கேட்கிறார் தெரியுமா? கையைப் பிடித்துச் சாப்பிடக் கூப்பிட்டால் விலகிக்கொள்கிறார். "சாப்பிட வாங்க" என்று திரையில் எழுதினாலும் வேறு யாருக்கோ வந்த சேதி மாதிரி பார்த்துக்கொண்டு இருக்கிறார். ஆனால் குடை வந்தால் எழுந்து வருகிறார். கூடத்துக்கு வந்து, என்னைப் பார்த்து, என் பெயரைச் சொல்கிறார். குடை வந்தால்தான் அவருக்கு நான் யாரென்று தெரிகிறது. ஒரு நாளைக்கு இரண்டு தடவை நான் அவர் பெண்டாட்டி, இரண்டும் அந்த ஓட்டை வழியாகத்தான். இப்போது சொல், அதை நானே என் கையால் எப்படி அடைப்பேன்?

வீட்டு இயந்திரத்தில் மட்டும் பழைய கூவை வைத்துக்கொள்ளேன் என்று அடுத்த கடிதத்தில் எழுதுவாய். செய்து பார்த்துவிட்டேன். தினமும் காலையில் கூவின் புதிய மூல நிரலை இணையத்திலிருந்து இறக்கி, தானே கட்டி ஓடவைத்து, யாரும் கை வைக்கவில்லை என்று காட்டும் சரிபார்க்கும் எண் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது அவர் வழக்கம். எத்தனையோ மறந்த பிறகும் விரல்களுக்கு அது மறக்கவில்லை. உன் முதல் கடிதம் வந்ததும், ஒரு எழுத்துப்பிழையைத் திருத்திப் புது வெளியீடு போட்டு, வீட்டில் மட்டும் பழையதை வைத்து ஒத்திகை பார்த்தேன். எண் ஒத்துப்போகவில்லை. "யாரோ என் மெஷின்ல கை வச்சிருக்காங்க" என்று நாள் முழுக்க அதைக் கட்டிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். ஒரு வாய் சாப்பிடவில்லை. இன்னொரு தடவை அந்தப் பாவத்தைச் செய்ய மாட்டேன்.

உனக்கு உலகம் முழுக்க ஆஸ்பத்திரிகள். எனக்கு இந்த இரண்டு அறை. அந்த ஒரு வரியை விட்டுவிடேன்டா.

அக்கா


ஜூன் 17

அக்கா,

உன் கடிதத்தை அலுவலக மாடிப்படியில் உட்கார்ந்து படித்தேன். எங்கள் பிரிவுப் பெண் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

கணினிக் கூடத்தில் எனக்கு முதல் நிரல் ஓடாமல் அழுதபோது, அத்தான் எழுந்து வந்து என் நாற்காலி அருகே குந்தி உட்கார்ந்து, "மச்சான், மெஷினுக்கு நம்ம மேல கோபமெல்லாம் கிடையாது. நாம சொன்னதத்தான் செய்யுது. என்ன சொன்னோம்னு பாப்போம்" என்றார். அப்போது அவர் எனக்கு மச்சானும் இல்லை, ஒன்றும் இல்லை. அவரே அப்படிக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார். இன்றைக்கும் எதிலாவது மாட்டிக்கொண்டால் நான் அதைத்தான் எனக்குச் சொல்லிக்கொள்கிறேன்.

அக்கா, அந்த வரியை விட முடியாது. விடவும் மாட்டேன். அந்தத் தாதிகளில் ஒருத்தி ஏமாந்து, மருந்து மாறி, யாருக்காவது ஏதாவது ஆனால், அத்தான் பெயர்தான் கூவின் தலையில் இருக்கிறது. அவர் நல்ல நினைவோடு இருந்திருந்தால் உன் சந்தைப் பார்த்த உடனே அடைத்திருப்பார். உனக்கும் அது தெரியும். இதை எழுத எனக்குக் கை கூசுகிறது.

மேலாளர் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தேதியை ஜூலை முதல் வாரத்துக்குத் தள்ளினார். "அதுக்கு மேல என்னால முடியாது. எங்கம்மாவுக்கும் இதே வியாதிதான் இருந்தது" என்றார்.

உன் கையால் அடைக்க வேண்டாம். வெளியிடும் உரிமையை எனக்குக் கொடு, அந்த வரியை நான் எடுக்கிறேன். பாவம் என் தலையில் இருக்கட்டும். நனைந்து பழகியவன்தானே நான். அத்தானைச் சாப்பிட அழைக்க வேறு ஏதாவது வழி தேடுவோம். வந்து உன்னோடு உட்கார்ந்து தேடுகிறேன். என்னை யாரென்று கேட்டால் கேட்கட்டும்.

உன் தம்பி


ஜூன் 28

அன்புள்ள தம்பிக்கு,

நீ செய்ய வேண்டாம். நானே அந்த வரியை எடுத்துவிட்டேன். சந்து பொந்து இல்லாத வடிகட்டி உங்கள் அலுவலகத்துக்கு வந்திருக்கும்.

நீ எழுதியதில் ஒரு வாக்கியம் என்னைத் தூங்கவிடவில்லை. அவராக இருந்தால் அடைத்திருப்பார் என்றாயே. ஆமாம், அடைத்திருப்பார். நான் அவர் பெயரில் எழுதுகிறேன் என்றால் அவர் எழுதுவதைத்தான் எழுத வேண்டும்.

நீங்கள் சரி என்று சொன்னதும் வெளியிடுகிறேன். மறுநாள் காலையில் அவரே இறக்கிக் கட்டிவிடுவார். அதுவரைக்கும் எனக்குச் சில குடைகள் மிச்சம் இருக்கின்றன. சாப்பாட்டு நேரம் இல்லாவிட்டாலும் அனுப்பிக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் எழுந்து வருகிறார். ஒன்றும் வேலை இல்லாமல் கூப்பிட்டுவிட்டு, "சும்மாதான்" என்கிறேன். சலித்துக்கொள்ளாமல் திரும்பிப் போகிறார்.

அக்கா


ஜூலை 5

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? நேற்று எல்லாம் முடிந்தது. உன் வெளியீடு போன பிறகு நாங்கள் அறிவிப்புக் கொடுத்தோம். ஆஸ்பத்திரியில் சாயங்காலத்துக்குள் புதியதை ஏற்றிவிட்டார்களாம். எங்கள் பிரிவுப் பெண் உன் வடிகட்டியை வரி வரியாகப் படித்துவிட்டு, "சார், இதை எழுதினவங்களைப் பாக்கணும்" என்றாள். "என் அக்கா" என்று சொல்லிவிட்டேன். தப்பா? குறிப்பில் உன் பெயரையும் போடலாமா என்று கேட்கிறாள்.

எனக்கு அதெல்லாம் இரண்டாம் பட்சம். காலையில் அத்தான் புதியதைக் கட்டியிருப்பாரே, மத்தியானம் என்ன ஆயிற்று? சாப்பிட்டாரா? ரயிலுக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன், இருபதாம் தேதி காலையில் அங்கே இருப்பேன். அதற்கு முன்னால் ஒரு வரி எழுது. நல்லதோ கெட்டதோ, எழுது.

உன் தம்பி


ஜூலை 10

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா ஆசீர்வாதம். நானும் அத்தானும் நலம். இந்தத் தடவை நிஜமாகவே எழுதுகிறேன்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன், இல்லாவிட்டால் ரயிலில் தொங்கிக்கொண்டு வந்துவிடுவாய். அன்று காலையில் வழக்கம் போல இறக்கினார், கட்டினார், எண்ணைப் பார்த்தார். ஒத்துப்போனது. திருப்தியாகத் தலையை ஆட்டிக்கொண்டார். நான் சமையலை முடித்துவிட்டுக் கூடத்துத் திரைக்கு முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். வேறு என்ன அனுப்புவது என்று ஒன்றும் தோன்றவில்லை. பழக்க தோஷம், குடையையே அனுப்பினேன்.

அனுப்பிவிட்டு அவர் அறை வாசலுக்கு ஓடினேன். திரை முழுக்க, நீ சொன்னாயே, அந்தக் கூரைக் குறியும் சதுர அடைப்பும் எண்களும் வாந்தி எடுத்த மாதிரி கொட்டிக் கிடந்தன. யாரோ மெஷினில் கை வைத்தார்கள் என்று பதறுவாரோ என்று பயந்து, துடைத்துவிட உள்ளே போனேன்.

அவர் குனிந்து திரையைப் படித்துக்கொண்டிருந்தார். ஆமாம், படித்துக்கொண்டிருந்தார்! "பத்தாவது வரிசை... முப்பதாவது எடம்... ஒரு கோடு..." என்று முணுமுணுத்தபடி ஒவ்வொரு எண்ணாகப் போய்க்கொண்டிருந்தார். வலது கையின் ஆள்காட்டி விரல் மேசைமேல் நகர்ந்தது. வளைந்து ஏறியது, வளைந்து இறங்கியது, நடுவிலிருந்து நேராகக் கீழே வந்தது, கடைசியில் கொக்கி மாதிரி திரும்பியது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தக் காலத்தில் அவர் அதைக் கட்டம் போட்ட தாளில் எண் எண்ணாகக் கோத்துத்தான் அனுப்பினார். அப்போதெல்லாம் அவர் திரையில் குடை இருந்ததே இல்லை. குடை விரிந்ததெல்லாம் என் திரையில்தான். இத்தனை வருஷமாக நான் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அவர் இந்த எண்களைத்தான் நெஞ்சில் வைத்திருந்திருக்கிறார். நாம் வடிகட்டியது என் பங்கைத்தான், அவர் பங்கு அப்படியே இருக்கிறது.

என் பக்கம் திரும்பினார். "மழையா வெளில?" என்றார்.

வெளியே மண்டையைப் பிளக்கிற வெயில். "ஆமா" என்றேன்.

என் பெயரைச் சொன்னார். "குடை என்கிட்ட இருக்கு. வா, விட்டுட்டு வர்றேன்" என்றார்.

எழுந்து, வலது கையை என் தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்துக்கொண்டார். அப்படியே அறையிலிருந்து சாப்பாட்டு மேசைவரைக்கும் நடந்தோம். நான் நனைந்துவிடக் கூடாது என்று கையை என் பக்கமே சாய்த்துப் பிடித்தபடி வந்தார். அன்றைக்கும் அப்படித்தான் பிடித்தார், அவர் தோள் ஒரு பக்கம் முழுக்க நனைந்துபோயிற்று. மேசை அருகே வந்ததும் நின்று, பின்னால் திரும்பிப் பார்த்தார். "உன் தம்பி எங்க? பாவம், நனைஞ்சுட்டே வந்தானே" என்றார்.

நான் அழுதுவிட்டேன் என்று எழுதத் தேவையில்லை. அவர் நன்றாகச் சாப்பிட்டார். தினமும் இப்படி நடக்கிறது என்று சொல்ல மாட்டேன். நேற்று எண்களைப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்துவிட்டார். இன்றைக்கு மறுபடி படித்தார்.

அந்தப் பெண்ணிடம் என் பெயரை இரண்டாவதாகப் போடச் சொல். ஏதாவது திட்டு வந்தால் நானும் அவரும் பங்கு போட்டுக்கொள்கிறோம்.

இருபதாம் தேதி உயரத் தாழ்ப்பாளை முன்கூட்டியே திறந்து வைக்கிறேன். உன்னை யாரென்று கேட்டாலும் கேட்பார், கேட்காமல் விட்டாலும் விடுவார். நீ பாட்டுக்கு உள்ளே வா. வானம் எப்படி இருந்தாலும் குடை கொண்டுவராதே. இங்கே ஒன்று இருக்கிறது. மூன்று பேருக்கு இடம் இருக்கிறதடா அதில்.

உன் வரவை எதிர்பார்க்கும்
அக்கா